மறுப்பின் அடியில் ஒரு ரீங்காரம்

விற்பனைக்கென்றே செய்யப்பட்ட ஒரு பாப் பாட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கங்களில் பேசுவது நண்பர்கள் சிலருக்கு உவப்பாக இராது. வணிகக் கலை என்ற சொல்லைப் போட்டு அந்தக் கதவை நாம் எப்போதோ சாத்திவிட்டோம். சாத்தியது பெரும்பாலும் சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் 1975இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு, கவிதையைப் பற்றி நமக்குள் நடந்துவரும் பழைய தகராறு ஒன்றில் நம்மில் எவரும் சொல்லாததைச் சொல்லியிருப்பதாக எனக்குப் படுகிறது. தகராறு இதுதான்: உணர்ச்சியை வெளியிடக் கூசுகிற ஒருவன், சொல்லாமலிருப்பதன் மூலமே அதைச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையில்தான் நாம் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறோம். எந்த நிபந்தனையின் பேரில் முடியும் என்று கேட்டுக்கொண்டதில்லை.

பாட்டு, டென் ஸிஸி என்ற நால்வர் குழுவின் 'ஐம் நாட் இன் லவ்'. நான் காதலில் இல்லை என்பதுதான் தலைப்பு. எழுதியவர்கள் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மனும். மற்ற இருவர் கெவின் காட்லி, லால் க்ரீம். நால்வரும் மான்செஸ்டர் வட்டாரத்துக்காரர்கள். எட்டு வருஷ மணவாழ்க்கைக்குப் பிறகு, நீ அந்த வார்த்தையை என்னிடம் சொல்வதே இல்லை என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டதிலிருந்து பாட்டு பிறந்ததாக ஸ்டூவர்ட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓயாமல் சொன்னால் வார்த்தை தேய்ந்துபோகும் என்பது அவருடைய பதில். எனவே அந்த வார்த்தையை மறுத்துக்கொண்டே அதைச் சொல்ல ஒரு வழி தேடினார். பாட்டில் பேசுகிறவன் தன்னிடம் காதல் இல்லை என்கிறான். அவள் படம் சுவரில் தொங்குவதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருக்கிறான்: சுவரில் இருக்கும் கறையை மறைக்க வேண்டுமாம். இதுபோன்ற சாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொரு சாக்கும் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவில் நின்றிருந்தால் இது ஒரு சமத்காரம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஸ்டூவர்ட் அந்த வார்த்தையின் சந்தை மதிப்பை அறியாதவரும் அல்ல. 1966இல் மைண்ட்பெண்டர்ஸ் குழுவில் இருந்தபோது 'எ க்ரூவி கைண்ட் ஆஃப் லவ்' என்ற, காதலைத் தலைப்பிலேயே வைத்திருந்த பாட்டைப் பாடி இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம்வரை சென்றவர் அவர். கோல்ட்மன் யார்ட்பேர்ட்ஸுக்கும் ஹாலிஸுக்கும் வெற்றிப் பாட்டுகள் எழுதிக் கொடுத்தவர். காதல் என்ற நாணயத்தை வருஷக்கணக்காகக் கை மாற்றி வந்தவர்கள் இருவரும். அது தேய்ந்திருப்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் பாட்டை போஸா நோவா நடையில், கிட்டாரோடு பதிவு செய்தார்கள். காட்லிக்கும் க்ரீமுக்கும் பிடிக்கவில்லை. முயற்சியைக் கைவிட்டு ஒலிநாடாவிலிருந்தே அழித்துவிட்டார்கள். அந்தப் பதிவை நாம் கேட்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் ஏன் முகம் சுளித்தார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. மெல்லிய பிரேசில் தாளத்தின்மேல் ஒருவன் தனக்குக் காதல் இல்லை என்று பாடினால், அது கேட்பவரைப் பார்த்துக் கண் சிமிட்டுவதாகிவிடும். நான் மறுக்கிறேன், நீயும் சிரித்துக்கொள் என்ற உடன்படிக்கை அதில் இருக்கும். அந்தச் சிரிப்பில் பாடுகிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பிறகு நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். அழித்த பாட்டை ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் பாட்டை மறுபடி குழுவின் முன் கொண்டுவந்தார். அப்போது அதை விரும்பாத காட்லிதான், செய்வதாக இருந்தால் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு முழுக்கவும் குரல்களாலேயே செய்வோம் என்றார். அதே அளவு விருப்பமற்றிருந்த க்ரீம், ஒலிநாடாவை வளையமாக ஒட்டி ஓடவிட்டால் குரலை முடிவில்லாமல் நீட்டலாம் என்றார். உருவம் உள்ளடக்கத்திலிருந்து தானாக முளைக்கிறது என்று நாம் திரும்பத் திரும்ப எழுதி வருகிறோம். இந்தப் பாட்டின் உருவம் அதன் உள்ளடக்கத்தை நம்பாதவர்களிடமிருந்து வந்தது.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், நான் சொல்ல வருவது அந்த விவரத்தில்தான் இருக்கிறது. இடம், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் அதில் பங்குதாரர்கள். மணிக்கணக்குப் பார்த்து வாடகை கேட்பார் இல்லாததால்தான் குரல்களுக்கு மட்டும் மூன்று வாரம் செலவிட முடிந்தது. கோல்ட்மன், காட்லி, க்ரீம் மூவரும் ஒரே ஸ்வரத்தை 'ஆ' என்று நீட்டி ஒன்றாகப் பாடினார்கள். பதினாறு தடங்கள் கொண்ட பதிவு இயந்திரத்தில் அதையே 16 முறை பாடினார்கள். ஆக ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் கூட ஒன்றுமாக 13 ஸ்வரங்களுக்கு இப்படிச் செய்தபோது 624 குரல்கள் ஆயின. ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுமார் 12 அடி நீள ஒலிநாடா வளையமாக ஒட்டி, மைக் தாங்கி ஒன்றைச் சுற்றி ஓடவிட்டு, பாட்டின் நீளத்துக்குத் தனித்தனித் தடமாகப் பதிந்துகொண்டார்கள். மூச்சு வாங்காத 13 தடங்கள். மனிதத் தொண்டையிலிருந்து வந்தவைதாம், ஆனால் எந்த மனிதனாலும் அப்படிப் பாட முடியாது.

அதன்பின் நால்வரும் மிக்ஸிங் மேஜையின் முன் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒலியை ஏற்றி இறக்கும் சிறு பிடி ஒன்று உண்டு, ஃபேடர் என்பார்கள். ஆளுக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் ஸ்வரக் கூட்டுகளை உண்டாக்கினார்கள். மேஜையே வாத்தியமாயிற்று. இங்கே இன்னொரு காரியம் செய்தார்கள். பிடிகள் கீழே முழுவதும் இறங்கிவிடாதபடி குறுக்கே ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தார்கள். எந்த ஸ்வரத்தையும் முற்றாக மூட முடியாது. அந்தந்தக் கணத்துக்கு வேண்டிய மூன்று நான்கு ஸ்வரங்கள் மேலெழும்போதும், வேண்டாத மற்றவை அனைத்தும் கேட்டும் கேளாமலும் அடியில் முனகிக்கொண்டே இருக்கும்.

இதைக் கேட்கும் நமக்குத் தம்புரா நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் ஒப்புமை வெகுதூரம் போகாது. தம்புரா ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு பாடுகிறவனுக்கு ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது. இங்கே அடியில் இருப்பவை எல்லா ஸ்வரங்களும். இசைவானவையும் இசையாதவையும் ஒன்றாக முனகுகின்றன. இது வீடு இல்லாத சுருதி. பாடுகிறவன் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், அவன் சொல்லாத அத்தனையும் அவனுக்குக் கீழே விழித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாட்டை முரண்தொனிக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். வார்த்தை பொய் சொல்கிறது, இசை உண்மை சொல்கிறது என்பார்கள். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. முரண்தொனியில் இரண்டு அர்த்தங்களையும் அறிந்த ஒருவன் மேலே நிற்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் பத்திரமாக இருக்கிறான். இந்தப் பாட்டில் அப்படி ஒருவன் இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்டூவர்ட் மிகையில்லாமல், ஏறக்குறைய பேச்சுக் குரலிலேயே பாடுகிறார். சுற்றிலும் எழும் அந்தக் குரல் மூட்டத்தின் பருமனுக்கு அவர் குரல் ஈடுகொடுப்பதில்லை, ஈடுகொடுக்க முயல்வதும் இல்லை. தன் மறுப்பைவிடத் தன்னைச் சூழ்ந்திருப்பது பெரிது என்பது பாடுகிறவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது. தெரிந்தும் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. இதுதான் சாதனை என்று நான் கருதுகிறேன்.

பாட்டின் நடுவில் குரல் மூட்டம் விலகி ஒரு பெண்குரல் கிசுகிசுக்கிறது. அழ வேண்டாம் என்று ஒரு சிறுவனைத் தேற்றுவதுபோன்ற சில சொற்கள். அது பாடகியின் குரல் அல்ல. அந்த இடத்தில் என்ன வைப்பதென்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டுடியோவின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கதவைத் திறந்து, ஸ்டூவர்ட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகத் தணிந்த குரலில் சொன்னார். வேண்டியிருந்த குரல் இதுதான் என்று பிடித்துக்கொண்டார்கள். அவருக்குத் தயக்கம்தான், இருந்தாலும் சொல்லிக்கொடுத்த சொற்களைச் சொன்னார். மூன்று வார யத்தனத்துக்குள் யத்தனமே இல்லாமல் வந்து விழுந்த ஒரே அம்சம் அது.

இந்த இடத்தில் பாட்டின் மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ரசிகனாகிவிட்டேன் என்பதற்காக அதை விழுங்கிவிட முடியாது. 624 குரல்களும் மூன்று ஆண்களுடையவை. பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு கிசுகிசுப்பு, அதுவும் ஆணைத் தேற்றுவதற்கு. யாருடைய குறையிலிருந்து பாட்டு பிறந்ததோ, அந்த மனைவியின் கேள்விக்கு இதில் பதில் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லாததற்கான நியாயம்தான் இருக்கிறது, அதுவும் அழகான நியாயம். சொல்லாமலிருப்பதைக் கலையாக்கிக்கொள்ளும் ஆணின் சௌகரியம் நம் கவிதைக்கும் அந்நியமானதல்ல. கேட்டுக்கொண்டிருப்பவள் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாதவன் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டின் முடிவில் ஒரு விளையாட்டுப் பெட்டியின் மெல்லிய மணியோசை கேட்கிறது. குழந்தை அறையில் போய் முடிகிற காதல். இந்த மனிதன் வளராதவன் என்பதைப் பாட்டே ஒப்புக்கொள்வதாக அதை எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன், முழு நிச்சயத்தோடு அல்ல.

1975 மார்ச்சில் வெளிவந்த 'தி ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்' என்ற ஆல்பத்தில் இருந்த இந்தப் பாட்டு, மே மாதம் தனி இசைத்தட்டாக வந்தது. ஆறு நிமிஷப் பாட்டு வானொலிக்கு அதிகம் என்பதால் சுருக்கிய வடிவமும் உண்டு. ஜூன் இறுதியில் இங்கிலாந்தில் முதலிடத்தைப் பிடித்து இரண்டு வாரம் இருந்தது. அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடத்தில் நின்றது. அந்த மூன்று வாரத்தில் முதலிடத்தில் மூன்று வெவ்வேறு பாட்டுகள் மாறி மாறி வந்துபோயின. நடன அரங்குகளில் ஜோடிகள் இதற்கு அணைத்தபடி ஆடினார்கள். காதலை மறுக்கும் பாட்டைக் காதல் பாட்டாக எடுத்துக்கொண்டது ஜனங்களின் அறியாமை என்று சிரிப்பது சுலபம். அவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள் என்கிறேன். அவர்கள் வார்த்தையைக் கேட்கவில்லை, அடியில் ஓடும் ரீங்காரத்தைக் கேட்டார்கள். சில சமயம் சாமானிய ரசனை விமர்சகனைவிட நேராக விஷயத்தை எட்டிவிடுகிறது. அந்தச் சில சமயங்களையாவது நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் நேர்ந்த ஓர் ஏற்பும் இதை உறுதிப்படுத்துகிறது. 2014இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த காலக்ஸி' என்ற அமெரிக்கப் படம் இந்தப் பாட்டோடு தொடங்குகிறது. 1988ஆம் வருஷம், ஆஸ்பத்திரி. ஒரு சிறுவன் காதில் வாக்மன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே தாய் இறந்துகொண்டிருக்கிறாள். மற்றபடி அது ஒரு வேடிக்கைப் படம், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் பாட்டு பிசகின்றிப் பொருந்துகிறது. காதலனும் காதலியும் அகன்றுவிட்ட பிறகும் மறுப்பு இருக்கிறது, அழாதே என்ற கிசுகிசுப்பு இருக்கிறது, அடியில் அந்த ஓலம் இருக்கிறது. முரண்தொனி மட்டுமே ஆதாரமாக இருந்த ஒரு பாட்டு இந்த இடமாற்றத்தைத் தாங்கியிருக்காது. நகைச்சுவைத் துணுக்காகிச் சிதறியிருக்கும்.

குழு 1976இல் உடைந்தது. காட்லியும் க்ரீமும் கிட்டாருக்காகத் தாங்கள் கண்டுபிடித்த ஒரு கருவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதை வைத்து 1977இல் 'கான்ஸிக்வென்ஸஸ்' என்று மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு பெரும் படைப்பை வெளியிட்டார்கள். சாதுர்யம் குவிந்து கிடக்கிறது, சாதுர்யம் எதிர்த்து நிற்க ஒரு பாட்டு இல்லை. ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் பழைய பெயரிலேயே தொடர்ந்து, அதே 1976இன் இறுதியில் 'த திங்ஸ் வீ டூ ஃபார் லவ்' பாடினார்கள். மறுத்த வார்த்தை மறுபடியும் தலைப்புக்கே வந்துவிட்டது. வழுவழுப்பான, குறை சொல்ல முடியாத பாட்டு. அடியில் எதுவும் முனகவில்லை. பாட்டை நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே அறையில் இருந்த அந்தச் சில வாரங்களில் மட்டும் இது சாத்தியமாயிருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். உணர்ச்சிப் பெருக்கை ஒழித்ததை நம் இயக்கத்தின் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒழிக்க வேண்டியதாகத்தான் இருந்தது. ஆனால் ஒழித்த பிறகு எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதியை இன்று எடுத்துப் படித்தால், ஃபேடர்கள் அனைத்தும் அடிவரை இறக்கப்பட்டிருக்கின்றன. ஒட்டுநாடாவை யாரும் ஒட்டவில்லை. சொல்லாததெல்லாம் உண்மையாகவே இல்லாமல் போய்விட்டது. மறுப்பு மட்டும் மிஞ்சி, அதுவே இறுக்கம் என்றும் செறிவு என்றும் பெயர் வாங்கியது. சொல்லாமல் சொல்வதற்கு நிபந்தனை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சொல்லாத பகுதியை, சொல்லும் பகுதியைவிடப் பல மடங்கு உழைத்துச் செய்துவைக்க வேண்டும். ஒரு குரல் மறுப்பதற்கு 624 குரல்கள் தேவைப்பட்டிருக்கின்றன. நாம் மூன்று வார வேலையைச் செய்யாமல் மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம், அது மலிவாகக் கிடைத்ததால்.

இதில் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பல வருஷங்கள் கவிதைக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் வேலை என்னிடம் இருந்தது. அன்பு, காதல், கண்ணீர் என்று எங்கே கண்டாலும் பென்சிலால் கோடு போடுகிறவனாக இருந்தேன். அப்படி ஒரு நண்பரின் கவிதையில், தந்தையின் செருப்பைப் பற்றியது அது, கடைசி வரியில் இருந்த ஒரு சொல்லை அடித்தேன். அவர் மறுப்பின்றி நீக்கிக்கொடுத்தார். பிரசுரித்தோம். சொற்களுக்கிடையே கனத்த மௌனம் என்று நானே அடுத்த இதழில் எழுதினேன். சமீபத்தில் அச்சில் இருப்பதை மறுபடி படித்தேன். மௌனம் எதுவும் இல்லை. ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது, அவ்வளவுதான். கவிதையைத் தாங்கி நின்றது அந்த ஒற்றைச் சொல். அது தேய்ந்த சொல்தான், ஆனால் அவர் அதற்கு மேல் எதையும் செய்துவைத்திருக்கவில்லை. செய்துவை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீக்கு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் கர்வம் எனக்கில்லை, நான் காரணமில்லை என்று சொல்லும் தைரியமும் இல்லை.

கையெழுத்துப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் கோட்டுக்கடியில் அந்தச் சொல்லைப் படிக்க முடிகிறது. அச்சில் அது இல்லை.